ஒரே ஜோடி ஸ்பிரிங்

பதுளையில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடை. பின்பக்க ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ஒரே ஜோடிதான் இருந்தன. கேட்டு வந்தவர்களோ நானும் இன்னொருவரும், இருவர் காரும் ஒரே பழைய மாடல். "நான் ஜும்மாவுக்குப் போயிட்டு வாறேன், நீங்களே பேசி முடிவெடுங்க" என்று கடைக்கார நானா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

மற்றவர் காதை மூடிய கம்பளித் தொப்பிக்காரர். வாசலில் நின்ற இரண்டு காரின் பின்பக்கத்தையும் உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். என் கார் தொட்டில்போல ஆடியது. அவருடையது அசையவே இல்லை. டயரை இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"கொஸ்லந்த வளைவுல இதோட இறங்க முடியாதுண்ணே. பின்சீட்டுல என் பிள்ளைங்க இருக்குதுங்க" என்றேன், ஸ்பிரிங்கை விடாமல்.

அவரும் விடவில்லை. "ஒங்க காருல ஒங்க பிள்ளைங்க. என் காருல தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைங்க. ஸ்கூலுக்கு வேற வண்டி இல்ல தம்பி."

தொழுகை முடிந்து நானா வரும்போது என் கை ஸ்பிரிங்கில் இல்லை.

அடுத்த வாரம் அப்புத்தளை ரோட்டில், பனிமூட்டத்துக்குள், அவர் கார் எனக்கு முன்னால் போனது. பின்பக்கம் பழையபடி தாழ்ந்திருந்தது. ஹோர்ன் அடித்து நிறுத்தினேன்.

"புது ஸ்பிரிங் எங்கண்ணே?"

"போட்டாச்சு தம்பி. வண்டி நல்லா நிமிந்துருச்சு. அதான் மேல்லயத்துப் பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டேன்."

கண்ணாடி முழுக்க முகங்கள். திட்ட வாயெடுத்தேன், உள்ளிருந்து ஒரு பிள்ளை எனக்குக் கையசைத்தது.

அவர் கிளம்பினார். நான் முந்தவில்லை. என் பிள்ளைகள் பின்சீட்டில் ஆட ஆட, பள்ளிக்கூட வாசல்வரை அந்தக் காரின் பின்பக்கத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல் போனேன்.