தேர்வு செய், தேர்வு செய்

டைப்பிஸ்ட் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சத்தம்தான். ஆரணியிலிருந்து புறப்படுகிற காலை பஸ்ஸில், காதோரம் வைத்த அவருடைய போனிலிருந்து கசியும் குரல். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற குரல்தான். ஆனால் அக்கா வைத்திருந்த வேகத்தில் அது பேச்சாகவே கேட்காது, எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி இருக்கும். ஒருநாள் பக்கத்து சீட்டு அம்மாள் பயந்துபோய், "இன்னாம்மா, போன் கெட்டுப்பூச்சா?" என்று கேட்டே விட்டார். "போன் நல்லாத்தான் கீது. நிறுத்தி நிதானமா பேசுன்னு சொல்லத்தான் எனக்கு நேரம் இல்ல" என்றார் அக்கா. பஸ்ஸே சிரித்தது.

எங்கள் இருவருக்கும் பார்வை கிடையாது. அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே. எனக்கு வேலைக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. வெம்பாக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் டைப்பிஸ்ட், நான் எழுத்தர். அவர் முள்ளிப்பட்டிலிருந்து ஆரணி வருவார். அங்கே நான் சேர்ந்துகொள்வேன், செய்யாறில் இறங்கி இன்னொரு பஸ். கண் போன பிறகு, போனில் போலவே குரல் படித்துச் சொல்கிற கம்ப்யூட்டரை நானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். அதனால் எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்: கீழ் அம்புக்குறியை அழுத்தி, பக்கத்தின் தலையிலிருந்து கால்வரை ஒவ்வொரு வரியாகக் கேட்பது. அக்காவுக்கு அதைக் கேட்டாலே பேஜார். எச் எழுத்தைத் தட்டினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குப் போகலாம், கே தட்டினால் இணைப்பிலிருந்து இணைப்புக்கு. நடுவில் இருக்கிற எதுவும் காதில் விழாது. அவர் அப்படித்தான் ஒரு பக்கத்துக்குள் போவார், அப்படித்தான் வெளியே வருவார்.

"டேய் தம்பி, தெருவுல இருக்கிற எல்லார் வூட்லயும் நின்னு சாப்ட்டியான்னு கேட்டுகினே போனா, நீ போற வூட்டுக்கு எப்ப போவ?" என்பார்.

"யாரோ மெனக்கெட்டு எழுதிக்கீறாங்க இல்லக்கா. இன்னான்னு கேக்காம எப்பிடிப் போறது?"

"எழுதனவனே திருப்பிப் படிக்கமாட்டான். நீ படி."

இந்தச் சண்டை பல வருடம் ஓடியது. இரண்டு பேரிடமும் நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. தெரிந்த பக்கத்தில் தாண்டலாம், தெரியாத பக்கத்தில் தடவித்தான் போகவேண்டும். சங்கடம் என்னவென்றால், தெரிந்த பக்கம் தெரிந்த பக்கமாகவே இருப்பதில்லை. பழகிய வீட்டில் கதவை வேறு சுவருக்கு மாற்றிவிட்டு நம்மிடம் சொல்லாமல் போய்விடுவார்கள். மறுபடியும் முதலிலிருந்து. இந்தச் சலிப்பைக் கண் உள்ளவர்களிடம் சொல்லிப் புரியவைக்க நான் முயற்சி செய்வதை விட்டுவிட்டேன்.

அந்த வருடம் ஆரணியில் ஓர் இடம் காலி, டைப்பிஸ்டும் எடுக்கலாம் எழுத்தரும் எடுக்கலாம் என்று தகவல் வந்தது. எங்கள் துறையில் இடமாறுதல் எல்லாம் இணையதளத்தில்தான். குறித்த நாளில் பக்கம் திறக்கும், முதலில் தொட்டவருக்கு இடம். ஒருமுறை தொட்டால் மாற்ற முடியாது. எனக்கும் ஆரணி வேண்டும்தான், பஸ் மாறி மாறி உடம்பு நொந்திருந்தது. ஆனால் அக்காவின் தேவை வேறு. தறியில் உட்கார்ந்திருந்த கணவர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தவர், பிறகு எழவில்லை. மதியச் சோறு பக்கத்து வீட்டுப் பெண் வந்து ஊட்டுவாள். "அந்தப் பொண்ணு ஊட்டினா இவரு நாலு வாய்க்கு மேல துன்றதில்ல. வெக்கப்படறாரு. அந்த ஒருவேளைக்கு நான் ஓடிவந்தா போதும்" என்று ஒரே ஒருமுறை பஸ்ஸில் சொன்னார். ஆரணியில் வேலை என்றால் மதிய இடைவேளையில் முள்ளிப்பட்டு போய்த் திரும்பிவிடலாம். செய்யாறிலும் ஓர் இடம் காலி இருந்தது, நான் அதைப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அதுவே பாதி தூரம் மிச்சம்.

அன்று அலுவலகத்திலேயே பக்கத்துப் பக்கத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். போன வருடப் பக்கம் அக்காவுக்கு மனப்பாடம். ஊர்ப்பெயர்கள் அகர வரிசையில் இருக்கும், ஆரணிதான் முதலில் வரும். பக்கம் திறந்ததும் அவர் விரல் கே எழுத்தில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. உடனே என்டர். 'உறுதி செய்யவா' என்று மட்டும் கேட்டிருக்கும், இன்னொரு என்டர். நான் இன்னும் பக்கத்தின் தலைப்பில் இருந்தேன்.

"முடிஞ்சிபூச்சுடா! ஆரணி எனுது" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

எனக்கும் சந்தோஷம். அவசரமில்லாமல் வரி வரியாக இறங்கினேன். மேலேயே ஒரு வரி, தலைப்பும் இல்லை, இணைப்பும் இல்லை, வெறும் எழுத்து: காலியிடங்கள் ஏற்பட்ட தேதிப்படி வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அதற்குக் கீழே முதல் ஊர், வெம்பாக்கம். எங்கள் அலுவலகத்திலேயே இருந்த இன்னொரு காலியிடம். அதன் பக்கத்தில் இணைப்பு: 'தேர்வு செய்.' அடுத்த ஊர், 'தேர்வு செய்.' எல்லா இணைப்பும் அதே இரண்டு வார்த்தைதான், எந்த ஊருக்கு என்று ஒன்றும் சொல்லாது. ஊர்ப்பெயர் வெறும் எழுத்தாகத் தள்ளி நின்றது. தாண்டிப் போகிறவர் காதில் அது விழ வழியே இல்லை. இறங்கிக்கொண்டே போனேன். ஆரணி, காலி ஒன்று.

"அக்கா... ஆரணி இன்னும் இருக்குதே."

"பக்கம் பழசாட்டம் இருக்கும். புதுசா தொறந்து பாரு."

திறந்தேன். வெம்பாக்கம் போயிருந்தது. ஆரணி இருந்தது. அவர் இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்த சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, "இருந்த எடத்துக்கே என்னை மாத்திக்கினேனா?" என்றார்.

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன். "கொஞ்சம் இருங்கக்கா, ஆபீசருக்குச் சொல்லி மாத்திக்கலாம்..."

"ஆபீசர் கையில இன்னாடா கீது? ஜல்தி அமுக்கு. எவனோ முன்னபின்ன தெரியாதவன் எடுத்துக்கினு போறதுக்கு நீ எடு. அமுக்குடான்றேன்!"

அமுக்கினேன். அன்று திரும்புகிற பஸ்ஸில் அவர் போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. செய்யாறு தாண்டியதும், "உன் வழிதான் சரின்னு மட்டும் நெனச்சிக்காத. இன்னிக்கி இன்னாவோ தப்பிச்சிது. உன்ன மாதிரி ஊர்ந்துகினு போனா மத்த நாள்ல வேற எவனாவது எடுத்துகினு பூடுவான்" என்றார். அதுவும் உண்மைதான்.

பரஸ்பர மாறுதலுக்கு எழுதிப் பார்த்தோம். புது இடத்தில் சில வருடம் இருந்தால்தான் உண்டு என்றார்கள். அந்தச் சில வருடம் முடிவதற்குள் அக்காவுக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. அதுவரை அவர் தனியாகவே பஸ் மாறிப் போய்வந்தார். நான் ஆரணியில், மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரமெல்லாம் முள்ளிப்பட்டில் அந்த மனிதர் நான்காவது வாயோடு முகத்தைத் திருப்பிக்கொள்வதை நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பசி யாரை விட்டது, சாப்பிட்டேன்தான்.

இந்த வருடம் மாறுதல் பக்கத்தை மறுபடி மாற்றியிருக்கிறார்கள். எதற்கும் பார்ப்போம் என்று நுழைந்து, அக்காவைப் போலவே கே தட்டித் தாண்டிப் பார்த்தேன். 'செய்யாறு, தேர்வு செய்' என்றது. அடுத்ததற்கும் ஊர்ப்பெயரோடு சொன்னது. யாரோ கேட்டிருக்கிறார்கள், யாரோ சரிசெய்திருக்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு உடம்பெல்லாம் அசதியாகத்தான் வந்தது. மதிய இடைவேளை விட்டதும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடா, இந்நேரத்துல?"

"அக்கா, அந்தப் பக்கத்த சரிபண்ணிட்டாங்க. இப்ப லிங்க்லயே ஊர் பேர் சொல்லுது."

"எந்தப் பக்கம்?" என்றார். பிறகு, "ஓ, அதுவா. நல்லதுதான், பின்னால வர்ற புள்ளைங்களுக்கு ஆவும்." கிண்ணத்தில் கரண்டி தட்டுகிற சத்தம் வந்தது. "அப்பறமா பேசறேன்டா, வெச்சிடு. இங்க ஒருத்தரு வாயத் தொறந்துகினு காத்துகினு கீறாரு."