தம்பியின் துப்பாக்கிக்கு ஒரு லைட்

தம்பி இறந்த செய்தி வந்த நாளிலிருந்து எனக்குள் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் பொருத்திக் கொடுத்த லைட் கழன்றுவிட்டதா? அது கழன்று, இருட்டில் எதிரே நிற்பது யாரென்று தெரியாமல்தான் அவன் போனானா? அதிகாரிகள் எங்களிடம் சொன்னது ‘மோதல்’ என்ற ஒரு சொல். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வேங்கிக்காலில் பைக்குகளுக்கு லைட், ஹாரன், கிராஷ் கார்டு மாட்டுகிற கடை வைத்திருக்கிறேன். தம்பி மத்தியப் படையில் இருந்தான். வடக்கே, காட்டுப் பக்கம். கடைசியாக லீவில் வந்த அன்றைக்கே நேராகக் கடைக்கு வந்து, விரல் நீளத்தில் ஒரு டார்ச்சை மேசைமேல் வைத்தான். அவனே ஆன்லைனில் வாங்கியது.

“ண்ணா, இத என் கன்ல மாட்டிக்கிறேன். நாலு ரவுண்டு சுட்டா கன் ஒரு பக்கம் பாக்குது, லைட் ஒரு பக்கம் பாக்குது. ஆடாம இருக்க எதுனா வழி சொல்லு.”

“கன்ன கொண்டாந்தியா?”

“கொண்டாந்தா மொதல்ல உன்னத்தான் புடிச்சினு போவாங்க.”

“இதெல்லாம் நீங்களே மாட்டிக்கலாமா? மேல கேட்டியா?”

“கேட்டுட்டேன்ணா. நீ ஆரம்பிக்காத.”

வீடுகளுக்குள் நுழைந்து தேடுகிற வேலை என்பதால் அவனுக்குக் கொடுத்திருந்தது குட்டைக் குழல் துப்பாக்கி. செய்தித்தாள் ஓரத்தில் அதை வரைந்து காட்டினான். இடம் ரொம்பக் கம்மி. லைட்டை முன்னால் தள்ளினால் சுடும்போது வரும் புகை கண்ணாடியில் கரியாகப் படியும். பின்னால் இழுத்தால் குழலின் நிழல் வெளிச்சத்துக்குள்ளேயே விழும். கை வைக்கிற இடம் வேறு குழல் வாய்க்குப் பக்கத்தில். அவன் விரல் போய்விடுமோ என்று அப்போதே பயம் பிடித்தது. அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

பைக்கில் ஃபாக் லைட் மாட்டும்போது கிளாம்புக்கு அடியில் பழைய டியூப் ரப்பரை வெட்டி வைப்போம். அதைத்தான் முதலில் எடுத்தேன்.

“ரப்பர் வேணாம்ணா. குழல் சூடாவும், உருகிடும்.”

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையும் போயிற்று. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பழைய நம்பர் பிளேட் ஒன்றின் அலுமினியத் தகட்டைப் பட்டையாக வெட்டி, குழலுக்குப் பதிலாக அவன் சொன்ன பருமனில் ஒரு பைப்பைத் தேடிப் பிடித்து, அதன்மேல் சுற்றி கிளாம்பை இறுக்கினேன். பிடித்துக்கொண்டது. ஸ்க்ரூ தானாகத் திரும்பினால் தெரிய வேண்டும் என்று ஸ்க்ரூ தலைக்கும் கிளாம்புக்கும் குறுக்கே ஒரு கோடு போட, வீட்டுக்காரியின் நெயில் பாலீஷை எடுத்தேன்.

“நானே கோயிலுக்குப் போனாத்தான் போடுவேன், துப்பாக்கிக்குப் போடறீங்களா?” என்றாள் அவள். “பொட்டும் வச்சி அனுப்புங்க.”

தம்பி சிரித்தான். “செவப்பு நல்லாத்தான் கீது அண்ணி.”

அதன் பிறகும் என் மனசு அடங்கவில்லை. அந்தப் பைப்பை லைட்டோடு சேர்த்து என் வண்டியின் கிராஷ் கார்டில் கட்டினேன். தம்பியைப் பின்னால் உட்காரவைத்து கிரிவலப் பாதையில் ஓட்டினேன். வேகத்தடை, பள்ளம் எதையும் விடவில்லை. வழியில் ஒவ்வொரு லிங்கக் கோயில் வந்ததும் நிறுத்தி, குனிந்து, சிவப்புக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தேன்.

“எட்டு லிங்கத்துக்கும் வண்டிய நிறுத்தி மண்டி போடறியே, பக்தி ஜாஸ்தியா?” என்றார் டீக்கடைக்காரர்.

“அவருக்கு ஸ்க்ரூதான் சாமி,” என்றான் தம்பி.

நாங்கள் நாலு தடவை மலையைச் சுற்றினோம். கோடு நகரவில்லை. லீவு பத்து நாளும் இப்படியே போயிற்று. தகடு, கிளாம்பு, லைட் மூன்றையும் பத்திரமாகக் காகிதத்தில் மடித்து, உதிரி ஸ்க்ரூ ஆறும் அங்கே கோடு போட நெயில் பாலீஷும் சேர்த்து, ஸ்டேஷனில் அவன் கையில் கொடுத்தேன். ரயில் நகரும்போதுகூட, “வாரத்துக்கு ஒருக்கா கோட்ட பாரு, மறந்துடாத” என்றுதான் கத்தினேன்.

மாட்டிய பிறகு போட்டோ அனுப்பினான். “ஆடலண்ணா” என்று எழுதியிருந்தான். அதற்கு அடுத்த மாதம் பெட்டியில் வந்தான்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து படையில் அவனோடு ஒரே கம்பெனியில் இருந்த பையன் வீட்டுக்கு வந்தான். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமம் அவனுக்கு. அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று அவனை வெளியே அழைத்து வந்தேன்.

“உண்மையச் சொல்லுப்பா. அந்த லைட் கழண்டுச்சா?”

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு நின்றுவிட்டான்.

“அண்ணா, அது நடந்தது மத்தியானம். தண்ணி எடுக்கப் போன எடத்துல. நல்ல வெயில். கன்னு தோள்லதான் தொங்கினு இருந்துச்சு. லைட்டுக்கு அங்க வேலையே இல்ல.”

நான் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் சுமந்தது இறங்கியிருக்க வேண்டும். இறங்குமுன் அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“சொல்லலாமா தெரியல. அவன் அந்த லீவுக்கு வந்ததே, வேலைய வுட்டுட்றேன்னு உங்ககிட்ட சொல்றதுக்குத்தான்.”

“எங்கிட்ட சொல்லலியே.”

“அவன் திரும்பி வந்ததும் கேட்டேன், சொல்லிட்டியாடான்னு. ‘பேச்ச எடுக்கறதுக்காக லைட்ட காட்னேன், அண்ணன் அதுலயே வுழுந்துட்டாரு. பத்து நாளும் சோறு தண்ணி இல்லாம எனக்காகப் பயந்து பயந்து செஞ்சாரு. இனிமே போவமாட்டேன்னு எப்டிடா சொல்றது’ன்னான்.”

நான் சின்ன வயதிலிருந்தே கவலைப்படுகிறவன். அப்பா போன பிறகு வீட்டுக்கு நான் செய்த காவலே அதுதான் என்று நினைத்திருந்தேன். நாலு சுற்று. என் முதுகுக்குப் பின்னால் அரை அடி தூரத்தில் அவன் உட்கார்ந்து வந்தான். ஒரு தடவையாவது நான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்திருக்கலாம். எனக்கு எல்லாக் கெட்டதும் முன்கூட்டியே தோன்றும். இது மட்டும் தோன்றவில்லை.

பஸ் வர நேரம் இருந்தது. பையன் எழுந்து, ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். திடீரென்று எனக்கு அவனைப் பற்றிப் பயம் வந்தது.

“உனக்கும் வுட்டுடணும்னு இருக்கா?” என்றேன்.

அவன் பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டான்.

“வீட்ல சொல்லிட்டியா?”

“எங்க வீடு வேற மாதிரிண்ணா.”

“எந்த மாதிரின்னாலும் சொல்லு. அவங்க கேக்கலன்னாலும் கைய புடிச்சி உக்கார வச்சி சொல்லு.”

சரி என்பதுபோலத் தலையை ஆட்டினான். நான் கலங்கக் கூடாதென்றுதான் ஆட்டினான் என்று தெரிந்தது. பஸ் வந்தது. ஏறிக்கொண்டான். கூட்டம் ஜாஸ்தி, எந்தப் பக்கம் உட்கார்ந்தான் என்று பார்க்க முடியவில்லை. அவன் முகத்தைத் தேடி ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிக்கொண்டே பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஓடினேன்.