மடக்கு சீட்டு

போன வாரம் வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அண்ணியிடமிருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. அண்ணி என் அண்ணனின் மனைவி. இரண்டு வருஷமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். படத்தில் ஆளில்லாத ஒரு வேனின் உட்புறம். கதவுப் பக்கத்தில், போகிற வழியை மறித்துக்கொண்டு விரிகிற மடக்கு சீட்டைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார். கீழே, "இது ஒனக்கு" என்று ஒரு வரி. வெசாக் பண்டிகைக்கு லீவில் வருகிறார், வந்ததும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கொழும்புப் பக்கத்துத் தண்ணீர்ப் பூங்காவுக்கு ட்ரிப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அண்ணனும் நானும் பேச்சு வார்த்தை இல்லாமல் இருப்பது குவைத் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது அந்த வட்டத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. சிரிப்பும் வந்தது. அந்தச் சீட்டின் கதை தெரிந்தால் உங்களுக்கும் வரும்.

அண்ணி புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்குக் கலியாணமாகி வந்தபோது கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தார். வேலை செய்கிறார் என்று சொல்லமாட்டோம், கடையில் நிற்கிறார் என்றுதான் சொல்வோம். உட்கார விடமாட்டார்கள் என்பதால் அந்தச் சொல் பொருத்தமாகவே இருந்தது. வந்து சில வருஷத்தில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை வந்தது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சித்தப்பா வீடு. சித்தப்பா கூரைத் தகரத்தை ஒரு முழம் நீட்டிப் போட்டார். மழைத் தண்ணீர் எங்கள் வாசலில் விழுந்தது. தண்ணீர் விழுந்தது ஒரு மழைக்கு, அதன் பிறகு விழுந்ததெல்லாம் வார்த்தைகள். "நீ எனக்குத் தம்பியே இல்ல" என்று அப்பா சொன்னதோடு பேச்சு நின்றது. அப்பா அவரை "அந்த வீட்டு மனுசன்" என்பார். அப்பா இருமினால் சித்தப்பா ரேடியோவைக் கூட்டி வைப்பார். அம்மாவும் சித்தியும் மட்டும் பின்பக்கக் குழாயடியில் திருட்டுத்தனமாகப் பேசிக்கொள்வார்கள், காதலர்கள் கெட்டார்கள்.

அப்பாவுக்குச் சீனி வியாதி. ஒருநாள் வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். வீட்டில் அண்ணியைத் தவிர யாரும் இல்லை. சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கியது சித்தப்பாதான். மடியில் போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தவர், அப்பா கண் திறக்கப் போகிறார் என்று தெரிந்ததும் தலையை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதைப் பார்த்ததிலிருந்து அண்ணிக்கு அதே நினைப்பு. "ரெண்டு பேர்ல ஒருத்தர் இப்படியே போய்ச் சேந்துட்டா, மத்தவரு என்னான்னு சொல்லி அழுவாரு?" என்று என்னிடம் கேட்டார். பெரியவர்கள் பலபேர் சமாதானம் பேசிப் பார்த்துத் தோற்றுப் போயிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணியின் பிள்ளைகள் தண்ணீர்ப் பூங்கா என்று நச்சரிக்கத் தொடங்கினார்கள். வகுப்பில் யாரோ போய்வந்து அளந்திருக்கிறார்கள். அண்ணி உடனே சரி என்றது எனக்கு ஆச்சரியம். எங்கள் வீட்டு நிலைமைக்கு அது பெரிய செலவு. ஆனால் அவர் கடையில் நின்று பழகியவர், எதையும் விலை குறைத்துவிடலாம் என்ற நம்பிக்கை உள்ளவர். பூங்காவுக்கு போன் போட்டு விசாரித்தார். கூட்டமாகப் போனால் டிக்கெட்டில் விலைக் கழிவு உண்டு. வேன்காரரிடம் பேசினார். ஆள் குறைந்தாலும் கூடினாலும் ஹயர் வாடகை ஒன்றுதான். இரண்டையும் கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்தார். "மாமா, நாம மட்டும் போனா செலவு முழுசும் நம்ம தலையில. அந்த வீடும் வந்தா பாதி." அப்பா ரோஷக்காரர்தான், ஆனால் அதைவிடப் பெரிய கஞ்சன். ரோஷமும் கஞ்சத்தனமும் இரண்டு நாள் அவருக்குள் மல்லுக்கட்டின. மூன்றாம் நாள், "வரட்டும். ஆனா நான் பேச மாட்டேன்" என்றார். "பேச வேணாம் மாமா, வேன்ல ஒக்காந்தா போதும்" என்றார் அண்ணி. சுவருக்கு அந்தப் பக்கமும் இதே வியாபாரத்தைச் சித்தியின் வழியாக நடத்தி முடித்திருந்தார்.

நாளையும் அவரே குறித்தார்: வெசாக் பௌர்ணமிப் போயாவுக்கு மறுநாள். அன்றைக்கும் லீவு. அதோடு ரோட்டோரமெல்லாம் தன்சல் இருக்கும். பந்தல் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சோறு, கடலை, கிழங்கு, ஐஸ்கிரீம் என்று சும்மா கொடுப்பார்கள். சாப்பாட்டுச் செலவு மிச்சம். பூங்காவில் பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், கடையில் விலை போகாமல் கிடந்த கிளிப்பச்சை நைலோன் துணி ஒரு கட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கிவந்து எல்லோருக்கும் காற்சட்டை தைத்தார். அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதப் போட்டுக்கிட்டு நான் செத்தாக்கூட என்னைய யாருக்கும் காட்டாதீங்க" என்றார்.

எனக்கு விளங்காதது வேனில் ஆட்களை உட்கார வைத்த விதம். முன் சீட்டு மரியாதைக்குரிய இடம். அப்பா மூத்தவர் என்ற முறையில் அதை நோக்கி நடந்தார். சித்தப்பாவும் அதையே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். அண்ணி தன் சின்ன மகனைத் தூக்கி அதில் வைத்து, அம்மாவைத் துணைக்கு ஏற்றினார். "கடுகண்ணாவை வளைவுல இவனுக்கு வாந்தி வரும்." வாந்திக்கு முன்னால் யார் வயதைப் பேச முடியும்? பிறகு அப்பாவை ஜன்னல் ஓரத்தில் ஏற்றினார். அவருக்கு அடுத்து என் அண்ணனின் மூத்த பெண். மிஞ்சியது அந்த வரிசையின் மடக்கு சீட்டு. அதில் சித்தப்பா. வேனில் பயணம் செய்தவர்களுக்கு அந்தச் சீட்டின் குணம் தெரியும். அதில் இருக்கிறவர் எழுந்து, சீட்டை மடக்கி, ஒதுங்கி நின்றால்தான் உள்ளே இருக்கிறவர் இறங்க முடியும். வழக்கமாக அதில் இளசுகளைத்தான் உட்கார வைப்பார்கள். சித்தப்பா முகத்தைச் சுளித்தார். "காலு நீட்ட வசதியா இருக்கும் சின்ன மாமா" என்று அண்ணி சமாளித்தார். அன்று காலையில் அப்பாவுக்கு மட்டும் இரண்டாவது கோப்பை பிளேன்டீ ஊற்றிக் கொடுத்ததை நான் பார்த்தேன். கரிசனம் என்றே நினைத்தேன்.

பேராதனையைத் தாண்டுமுன்பே முதல் தன்சல். கொடியை ஆட்டிக்கொண்டு பொடியன்கள் வேனை மறித்தார்கள். தன்சலை வேண்டாம் என்று தாண்டிப் போவது அழகில்லை. எல்லோரும் இறங்கினோம். சித்தப்பாவும் எழுந்து சீட்டை மடக்கிக்கொண்டு வெளியே நின்றார். அப்பா அசையவில்லை. தம்பி விட்ட வழியில் இறங்குவதா? பிலிமத்தலாவையிலும் அப்படியே. கடுகண்ணாவையில் முன் சீட்டுக்காரன் அண்ணி சொன்னபடியே வாந்தி எடுத்தான், வேனைக் கழுவ நிறுத்தினோம், அப்போதும் அப்பா கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தார். ஆனால் சீனி வியாதியும் இரண்டு கோப்பை தேத்தண்ணியும் ரோஷம் பார்க்குமா? மாவனல்லை தாண்டியதும் அவர் நெளியத் தொடங்கினார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். நடுவில் இருந்த பேத்தியிடம், "பாப்பா, அந்தத் தாத்தாவ…" என்று தொடங்கினார். பாப்பா தலையை அப்பா தோளிலும் காலைச் சித்தப்பா மடியிலும் போட்டு நல்ல தூக்கத்தில் இருந்தாள். பின் சீட்டிலிருந்து நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என் தொடையில் கிள்ளினார். இன்றைக்கும் அந்த இடம் வலிக்கிற மாதிரித்தான் இருக்கிறது.

அடுத்த தன்சலில் வேன் நின்றது. சித்தப்பா ஏதோ யோசனையில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். அப்பாவால் அதற்கு மேல் முடியவில்லை.

"எந்திரிடா!" என்றார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை அதுதான். சித்தப்பா பதறி எழுந்த வேகத்தில் தலை கூரையில் மோதியது. "பாத்து, பாத்து" என்று அப்பாவின் கை தானாகப் போய் அந்தத் தலையைத் தடவியது. பிறகு ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டு, இறங்கி மறைவிடம் தேடி ஓடினார். திரும்பி வந்தபோது பந்தலில் இருந்த பொடியன், "வாடிவென்ன மாமே" என்று சிங்களத்தில் சொல்லி அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் வாங்குப் பலகையில் உட்கார வைத்தான். பக்கத்தில் சித்தப்பா. இரண்டு பேருக்கும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் கொச்சிக்காய்ச் சம்பலும் வந்தன. சித்தப்பா எட்டி அப்பாவின் தட்டிலிருந்து பாதிக் கிழங்கை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். "ஒனக்குச் சீனி கூடும்ணே" என்றார், தட்டைப் பார்த்தபடி. இரண்டு பேரும் தோட்டத்தில் பிறந்தவர்கள், கிழங்கின் மீது கொள்ளை ஆசை. அப்பா தட்டில் இன்னொருவர் கை வைத்து அவர் சும்மா இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அம்மா தூணுக்கு அந்தப் பக்கம் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கேகாலை, வரக்காப்பொல என்று தன்சலுக்குத் தன்சல் இறங்கி ஏறி நாங்கள் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அதற்குள் "எந்திரிடா" என்பது பழகிப்போய், "இன்னும் எத்தன தடவ எந்திரிக்கிறது, ஒனக்கு ஒரு போத்தல கட்டித்தான் விடணும்" என்று சித்தப்பா பதிலுக்குத் திட்டும் நிலைக்கு வந்திருந்தது. பிள்ளைகள் மட்டும், பாதி நாள் போச்சு என்று அழுதார்கள். அண்ணி கவுண்டருக்குப் போய், பின்னேரம் வருகிறவர்களுக்கு டிக்கெட் இன்னும் குறைவு என்று கேட்டு வாங்கி வந்தார். அதையும் முதலிலேயே விசாரித்து வைத்திருந்தாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். கிளிப்பச்சைக் காற்சட்டையில் நாங்கள் வரிசையாக நடந்தபோது ஆட்கள் எங்களை ஏதோ பாடசாலை என்று நினைத்தார்கள். அலை அடிக்கிற குளத்தில் அப்பாவும் சித்தப்பாவும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது. அலை வரும்போது ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், போனதும் விட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும் வழியில் அண்ணியிடம் கேட்டேன், எல்லாம் நினைத்துத்தான் செய்தீர்களா என்று. அவர் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "மனுசங்கள பேச வைக்க ஏலாது. வழி விட வைக்கலாம். வழி விட்டா ஏதாச்சும் ஒரு வார்த்த வந்துதானே ஆகணும்?"

அதற்குப் பிறகு அப்பாவும் சித்தப்பாவும் கொஞ்சிக் குலவினார்கள் என்று சொன்னால் பொய். தகரம் இன்றைக்கும் ஒரு முழம் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பற்றிச் சண்டை போட்டார்கள், வாயைத் திறந்து போட்டார்கள். சில வருஷம் கழித்து அப்பா போனபோது, சித்தப்பா தலைமாட்டில் உட்கார்ந்து "அண்ணே, எந்திரி" என்று சொல்லிச் சொல்லி அழுதார். என்னவென்று சொல்லி அழுவார் என்று அண்ணி அன்று கேட்ட கேள்விக்கு அது பதிலாக இருந்தது.

என் விஷயத்துக்கு வருகிறேன். அம்மா இப்போது என் வீட்டில் இருக்கிறார். அண்ணன் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. அண்ணி குவைத்துக்குப் போன பிறகு அங்கே அம்மாவைப் பார்க்க ஆளில்லை என்று நான்தான் கூட்டி வந்தேன். "அம்மாவ வச்சு ஊர்ல பேரு வாங்குறியா?" என்றான் அண்ணன். அப்பாவின் ரோஷம் எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது. "இனிமே என் வாசப்படி மிதிச்சிராத" என்றேன். அவனும் மிதிக்கவில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் ரோட்டில் நின்று கூப்பிடுவான், அம்மா தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போவார். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. அதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நான் உள்ளேயே இருந்தேன்.

இந்த முறை வேனில் நான்கு தலைமுறை ஏறுகிறது. அன்று நடுவில் தூங்கிய பாப்பாவுக்கே இப்போது கைப்பிள்ளை இருக்கிறது. அம்மாவும் சித்தப்பாவும் வருகிறார்கள். ஹயர் விலை ஏறிக் கிடக்கிற காலத்தில் அண்ணி குவைத்திலிருந்தபடியே வேன்காரரிடம் பேசி, உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதில் வட்டமும் போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார். நான் மடக்கு சீட்டு என்றால், ஜன்னல் ஓரம் யார் என்று சொல்லத் தேவையில்லை. அண்ணனுக்கும் இப்போது சீனி வியாதி.

கீரையை மடியில் வைத்துக்கொண்டு, வர முடியாது என்று எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தபடி அப்படியே படியில் உட்கார்ந்திருந்தேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அண்ணன். கையில் போன். திரையில் அதே வேன், ஜன்னல் ஓரத்து சீட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அவன் என் போனைப் பார்த்தான், நான் அவன் போனைப் பார்த்தேன். உள்ளே அம்மா, "யாரு?" என்று கேட்டது காதில் விழுந்தது. நான் படியை முழுசாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எந்திரிடி" என்றான் அண்ணன்.

எழுந்து ஒதுங்கி நின்றேன். மடியிலிருந்த கீரையெல்லாம் படியில் கொட்டிவிட்டது.