தொடர்புக்கு: பதிவாளர்

1. பதினாறு நாள்

நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் மெயில் நடந்துதான் வரும். பதிவாளருக்கு வரும் ஒவ்வொரு மெயிலையும் அவருடைய பி.ஏ. பிரிண்ட் எடுப்பார். இன்வர்டு நம்பர் போட்டு, சீல் குத்தி, அட்டெண்டர் கையில் கொடுப்பார். பதிவாளர் ஓரத்தில் "புட் அப்", அதாவது குறிப்போடு என் பார்வைக்கு வை, என்று எழுதுவார். அது அகாடமிக் செக்‌ஷனுக்குப் போகும். அங்கிருந்து கருத்து கேட்டு எக்ஸாம் செக்‌ஷனுக்குப் போகும். எல்லாம் முடிந்து கடைசியில் சர்வதேச உறவுகள் பிரிவுக்கு வரும். பிரிவு என்றால் நானும் ஒரு கம்ப்யூட்டரும்தான்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை என் மேஜைக்கு வந்த தாள், பின்லாந்திலிருந்து ஹெலெனா எழுதியது. அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் என்னுடைய வேலையைப் பார்ப்பவர் அவர். உங்கள் மாணவி நந்தினியை ஒரு செமஸ்டருக்கு எடுத்துக்கொள்கிறோம், ஒரு வாரத்துக்குள் பெயரை உறுதிசெய்து பதில் போடுங்கள் என்று எழுதியிருந்தார். முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். மெயில் வந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. தாளில் ஐந்து இனிஷியல் இருந்தது. ஐந்து பேரில் ஒருவராவது படித்ததற்கு அடையாளம் இல்லை.

நந்தினி கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து படித்த பெண். இந்த இடத்துக்கு நாங்கள் வைத்த தேர்வில் முதலாவதாக வந்தவள். பாஸ்போர்ட் எடுத்து, போலீஸ் வெரிஃபிகேஷன் முடித்து, ஆங்கிலப் பரீட்சையும் எழுதி வைத்திருந்தாள். வாரத்துக்கு இரண்டு தடவை என் மேஜைக்கு வந்து, "மெயில் வந்துச்சா மேடம்?" என்று கேட்பாள். இன்னும் வரவில்லையம்மா என்று சொல்லி அனுப்புவேன். அந்த நேரத்தில் மெயில் மாடியில் இனிஷியல் வாங்கிக்கொண்டிருந்தது.

2. அந்த ஒரு வரி

இதில் பதிவாளரைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு.

இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் தயாரான காலத்தில் ஹெலெனா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தொடர்புக்கு என்று ஒரு வரி இருக்கிறதே, அதில் ஒரு ஆளின் பெயரைப் போடுங்கள் என்றார். நான் "பதிவாளர்" என்று டைப் செய்தேன். பெயர்கூட இல்லை, பதவி மட்டும். மெயில் ஐ.டி.யும் அவருடையதுதான்.

எங்கள் ஆபீஸ் பழக்கம் அது. மேலதிகாரி இருக்கும் தாளில் கீழே இருப்பவள் தன் பெயரைப் போட்டால், "இவளுக்கு என்ன ஆசை பார்" என்பார்கள். அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. ஏதாவது கோளாறு ஆனால் பதவிக்கு மெமோ வராது, பெயருக்குத்தான் வரும். நான் பயந்தேன். அவ்வளவுதான் விஷயம். கையெழுத்து நாளில் மைசூர் பேட்டா தலைப்பாகை கட்டி, சந்தன மாலை போட்டு, போட்டோ எடுத்தார்கள். அந்த ஒரு வரியை யாரும் படிக்கவில்லை.

3. பிராசஸ்

அன்றைக்கு மத்தியானம் நந்தினி அவள் அப்பாவோடு வந்து நின்றாள். ஏழுமலை, அபார்ட்மெண்ட் ஒன்றில் எலெக்ட்ரீஷியன். வேலை சட்டையோடு வந்திருந்தார்.

"இன்னா மேடம், ஆவுமா ஆவாதா? யாரைப் பாக்கணும்னு சொல்லுங்க, நான் போயி பாக்கறேன்" என்றார்.

யாரைப் பார்க்கச் சொல்வது? பார்க்க வேண்டிய ஆள் நான்தான், அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். தாள் என் ஃபைலுக்கு அடியில் இருந்தது.

"பிராசஸ்ல இருக்குங்க" என்றேன்.

"அப்போ சரிங்க மேடம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். முப்பது வருஷ வேலையில் நான் சொன்ன பொய்களில் என்னால் ஜீரணிக்க முடியாதது அது ஒன்றுதான்.

அவர்கள் போனதும் மெயிலின் அடியில் இருந்த நம்பருக்கு என் செல்லிலிருந்தே ஹெலெனாவைக் கூப்பிட்டேன். ஒப்பந்தம் போட்டு இரண்டு வருஷத்தில் நான் அவருக்குப் போட்ட முதல் போன். அவர் கோபப்படவில்லை. "மூன்று முறை எழுதினேன். பதில் இல்லாததுதான் உங்கள் பதில் என்று எடுத்துக்கொண்டேன்" என்றார். மற்ற இரண்டு மெயிலும் எந்த மேஜையில் இருக்கின்றன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இடத்தை வேறொரு கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த செமஸ்டருக்கு இரண்டு இடம் தருகிறேன் என்றார். ஆனால் பேசிப் பதில் வாங்க ஒரு ஆள் இல்லாவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தங்கள் கமிட்டி சம்மதிக்காது என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலமே என் பெயரும் செல் நம்பரும் போட்டு, மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினேன். பதிவாளருக்கு காப்பி போட்டேன், அனுமதி கேட்கவில்லை.

4. கணக்குத் தீராதது

மறுநாள் நந்தினியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அடுத்த செமஸ்டர் அவளுக்குக் கடைசி செமஸ்டர். பிராஜக்டை இங்கேதான் செய்ய வேண்டும் என்பது விதி. தளர்த்தக் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நேத்து எங்கப்பா அரை நாள் லீவு போட்டு வந்தாரு மேடம். பிராசஸ்ல இருக்குன்னு சொன்னீங்க. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

தன் ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விதியைத் தளர்த்தக் கேட்டு நான் வைத்த நோட்டுக்கு, "இது முன்னுதாரணம் ஆகிவிடும்" என்று பதில் வந்தது. அதைச் சொல்லப் போன் செய்தேன். "சரி மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு மெமோ வந்தது. பயந்தபடியே, பெயர் போட்டு. அனுமதியின்றி வெளிநாட்டு நிறுவனத்தோடு கடிதத் தொடர்பு. பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, களைத்துப்போன மனுஷர்.

"ஏன்ரீ கிரேஸ், ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. எதுக்கு இந்த ஹீரோயிசம்?"

"ஹீரோயிசம் இல்ல சார். மூணு மெயில்."

"ஆய்த்து பிடி" என்று மெமோவை ஃபைலில் போட்டு மூடினார். கன்னடத்தில் போனது போகட்டும் என்று அர்த்தம். எனக்குத்தான் போகவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு செமஸ்டரும் இரண்டு பிள்ளைகள் போனார்கள். அங்கிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. நான் ரிட்டயர் ஆன மறுநாளே என் ஆபீஸ் ஐ.டி.யை மூடிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து, மெயில் திரும்பி வருகிறதே, உடம்பு சரியில்லையா என்று ஹெலெனா செல்லில் கேட்டார். அன்றிலிருந்து அவர் என் சொந்த ஐ.டி.க்கு எழுதுகிறார். லிங்கராஜபுரம் வீட்டில் உட்கார்ந்து நான் ஆபீசின் பொது ஐ.டி.க்கு ஃபார்வர்டு செய்கிறேன். இதற்குப் பெயர் நீடித்த உறவு என்று மற்ற கல்லூரிகளில் என்னைப் பயிற்சி கொடுக்கக் கூப்பிடுகிறார்கள்.

5. பயிற்சி

பயிற்சிக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. பதிவாளர்கள் சூப்பரிண்டெண்டென்ட்களை அனுப்புவார்கள், அவர்கள் சர்டிஃபிகேட்டுக்காக உட்கார்ந்திருப்பார்கள். போன மாதம் ஒரு கல்லூரியில் விளக்கேற்றி, பூங்கொத்து கொடுத்து முடிக்கவே பதினொரு மணி ஆகிவிட்டது. உங்களிடம் எத்தனை ஒப்பந்தம் இருக்கிறது என்று கேட்டேன். நாகராஜப்பா என்ற சூப்பரிண்டெண்டென்ட் பெருமையாக, "நாப்பத்திரெண்டு மேடம்" என்றார்.

"அதுல எத்தனை பேருக்குப் போன வருஷம் நீங்க பதில் எழுதினீங்க?"

"கொத்தில்லா, தெரியாது மேடம். எல்லாம் பீரோவுல இருக்கு."

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். மாதிரி ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். தொடர்புக்கு என்ற வரியில் அத்தனை பேரும் பதவியைத்தான் எழுதினார்கள். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நந்தினியின் கதையைச் சொன்னேன். நான் அவளிடம் சொன்ன "தெரியும்" உட்பட.

நாகராஜப்பா கை தூக்கினார். "அந்தப் பொண்ணு அப்புறமாவது போச்சா மேடம்?"

"போகல."

நிரப்பிய தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பேரைப் போட்டா எங்களுக்கும் மெமோ வரும். நீங்க வந்து எங்க சாருக்குச் சொல்வீங்களா?"

"மாட்டேன் சார். எனக்கு வந்தப்போ யாரும் வரல."

மறுபடி ஹால் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பதவியை அடித்துவிட்டுத் தன் பெயரையும் நம்பரையும் எழுதினார். தாளைக் கொடுக்க வந்தவர் கொடுக்காமல் நின்றார்.

"மேடம், நான் லீவுல போனா? ரிட்டயர் ஆனா? கீழ இன்னொருத்தர் பேரும் போட்டுடலாமா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. காலையில்தான் ஹெலெனாவின் மெயில் ஒன்றைப் பஸ்ஸில் உட்கார்ந்து ஃபார்வர்டு செய்திருந்தேன். ஒரு நாள் என் செல் தொலைந்தாலோ, நான் ஆஸ்பத்திரியில் படுத்தாலோ, ஒரு பிள்ளையின் இடம் போய்விடும். அது யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. பயத்தில் பெயரைப் போடாமல் நந்தினியைத் தவறவிட்டேன். அப்புறம் துணிந்து போட்டேன், என் பெயரை மட்டும். அதையும் பெருமையாக ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"போடுங்க சார்" என்றேன். "ரெண்டு பேரும் ஒரே சமயத்துல ரிட்டயர் ஆகாத மாதிரி பாத்துப் போடுங்க."

அவர் பக்கத்தில் இருந்த கிளார்க்கைக் கேட்டு, அந்தப் பெண்ணின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டிருந்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, என் பழைய பிரிவில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்க ஆபீசுக்குப் போன் போட்டேன்.