முகூர்த்தத்துக்குப் பூத்த ஒட்டு ரோஜா

சோணையம்மாள் வீட்டுச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு சேலை அகலத்துக்கு மண் கிடக்கிறது. அவளுடைய தோட்டம் அவ்வளவுதான். அதில் இடுப்பு உயரம்கூட வராத ஒரு ரோஜாச் செடி. சின்னமனூரில் எங்கள் தெருவில் அந்தச் செடியைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. தாலியறுத்தவளுக்கு ரோஜா எதற்கு என்பதுதான் பேச்சு. நான் எதிர்வீட்டு வாசலில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். தெருவில் யார் எதைச் சொன்னாலும் என் காதில் விழாமல் போகாது. அவள் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அவள் புருஷன் பால்பாண்டி லாரி ஓட்டினான். திராட்சை லோடு ஏற்றிப் போன வண்டி மலை இறக்கத்தில் கவிழ்ந்ததில் செத்துப்போனான். மகள் கயல் அப்போது ஆறாவது படித்தாள். கருமாதி அன்று சோணையம்மாளுக்குத் தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, கண்ணாடியில் பார்க்கச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். முன்னால் நின்று அதை நடத்தியவள் பால்பாண்டியின் அக்கா சுப்புத்தாய். இந்தச் சடங்கைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் அவனை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. சோணையம்மாளுக்கு அன்றைக்கு முப்பத்திரண்டு வயது. அதோடு அவள் தலைக்குப் பூ முடிந்தது.

பிறகு திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போனாள். கவாத்து முடிந்த கொடிகளில் இலை உருவுவது, தளிர் கிள்ளுவது, பந்தலில் கட்டுவது. அந்த வேலை இல்லாத மாதங்களில் விடியற்காலை ஜீப்பில் ஏறி மலைக்குமேல் ஏலக்காய் எடுக்கப் போவாள். அப்படிப் போய்த் திரும்பும்போதுதான் குமுளியில் ஒரு நர்சரியில் இந்தச் செடியை வாங்கினாள். சின்ன இடத்துக்கு ஏற்ற ஒட்டு ரோஜா, மூன்றடிக்கு மேல் போகாது என்று நர்சரிக்காரர் சொல்லியிருக்கிறார். ஒட்டுப்போட்ட முண்டு மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும், அதற்குக் கீழே முளைக்கிற குச்சியை விட்டால் சேச்சிக்கு முள்தான் மிஞ்சும் என்றாராம். ஜீப்பில் இடமில்லாமல் மலையிறங்கும் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அந்த மண்ணில் வீடு கட்டிய காலத்துச் செங்கல் உடைசலும் சிமெண்டும்தான் இருந்தன. முழங்கால் ஆழம் தோண்டி அள்ளிப் போட்டுவிட்டு, செம்மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் கொண்டுவந்து நிரப்பினாள். மதியத்துக்குப் பிறகு அங்கே வெயில் கிடையாது. காலை வெயிலை மறைக்கிறதென்று துணி காயப்போடும் கொடியையே கொல்லைப்புறம் மாற்றினாள். மீன் கழுவிய தண்ணீர், முட்டை ஓடு, டீத்தூள் சக்கை எல்லாம் அதற்குத்தான் போகும். தன் வயிற்றுக்கு அவள் இவ்வளவு பார்த்து நான் கண்டதில்லை.

பூ என்றால் பூ. சந்தன நிறத்தில் மடல் மடலாய், ஓரத்தில் மட்டும் குங்குமச் சிவப்பு. ஒரு குச்சிக்கு ஒரே பூ, நிமிர்ந்து நிற்கும். அவள் பறிக்கமாட்டாள். எங்கள் ஊரில் பூ என்றால் ஒன்று சாமிக்கு, இல்லையென்றால் தலைக்கு. செடியிலேயே நின்று காய்கிற பூவைக் கண்டால் பெண்களுக்கு மனசு பொறுக்காது. கேட்டுப் பார்த்தார்கள். அவள் கொடுக்கவில்லை. "கயலு கல்யாணத்துக்குத்தேன் இந்தச் செடி" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். வைக்க முடியாத தன் தலைக்குப் பதிலாக மகள் தலையில் பார்த்துவிட வேண்டும் என்று கிடந்தாள். அந்த ஆசை ஒன்றுதான் அவளிடம் நான் கண்ட ஆசை.

கயல் நர்ஸ் படித்து, தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். வைகாசியில் பரிசம் போட்டார்கள். மாப்பிள்ளை அருண்பாண்டி வருசநாட்டுப் பக்கம், மின்வாரியத்தில் வேலை. ஆவணிக் கடைசியில் முகூர்த்தம். தகப்பன் இல்லாத பிள்ளையைத் தாரைவார்க்க சுப்புத்தாயும் அவள் புருஷன் கர்ணனும் நிற்பார்கள் என்று பேசி முடித்தார்கள். பெற்றவளுக்கு மணமேடையில் இடமில்லை. சோணையம்மாள் தன் செடிப் பூவைத் தலையில் வைத்துக்கொள்வாயா என்று மட்டும் மகளிடம் கேட்டாள். நகை இல்லாவிட்டாலும் இருந்துவிடுவேன், உன் செடிப் பூ இல்லாமல் மணவறையில் உட்காரமாட்டேன் என்று கயல் சொன்னாள். நான்தான் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன், என் எதிரில்தான் சொன்னாள்.

ஆடி பாதியில் சோணையம்மாள் கவாத்துக் கத்தரியை எடுத்தாள். எந்தத் தேதிக்குத் திராட்சைக் குலை வேண்டும் என்று முடிவுசெய்து, அதற்குப் பின்னால் கணக்குப் போட்டுக் கவாத்து வெட்டுகிற ஊர் இது. ரோஜாவுக்கும் அதே மாதிரி பார்த்தாள். வெட்டினால் ஒன்றரை மாதத்தில் பூ என்று இரண்டு வருஷமாய்ப் பார்த்து வைத்திருந்தாள். எல்லாக் குச்சியையும் வெளிப்பக்கத்துக் கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டிவிட்டாள். செடியைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஆடிக் காற்று சும்மா விடுமா? பள்ளத்தாக்கு முழுக்க ஊதித் தள்ளியது. கூடவே மலைச்சாரல். இலையில் கரும்புள்ளி விழுந்தது. புள்ளி விழுந்த இலையையெல்லாம் கிள்ளி எரித்தாள். காற்று வரும் பக்கம் நாலு கம்பு ஊன்றி உரச்சாக்கைக் கட்டினாள். மொட்டு கட்டியதும் வேலைக்குப் போகிற வழியில் என் வாசலில் நின்று, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லாமல் செடியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவாள். ஏழு மொட்டு நின்றது. முகூர்த்தத்துக்கு முதல்நாள் ஏழும் மேல் மடல் மட்டும் விலகி, தலையில் வைக்கிற பக்குவத்தில் இருந்தன. அன்றைக்கு அவள் சிரித்ததை நான் பார்த்தேன்.

அந்த இடத்தில்தான் அவள் தப்புச் செய்தாள். விடிந்ததும் தன் கையால் வெட்டி, தன் கையால் மகள் தலையில் சொருகியிருக்க வேண்டும். யார் என்ன செய்திருப்பார்கள்? ஆனால் கயலுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்று பெற்ற வயிறு பயந்தது. சுப்புத்தாயைக் கூப்பிட்டு, "மதினி, ஒங்க கையால வெட்டித் தட்டுல வச்சுக் கொண்டு போங்க" என்றாள். தன் கை ஆகாத கை என்று அவளே சொல்லிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அடுத்தவளைக் குறை சொல்லி என்ன இருக்கிறது?

மண்டபத்தில் மணப்பெண் அறையில் நான் ஜாக்கெட் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பார்லரிலிருந்து வந்த பெண் மல்லிகைச் சரத்தைச் சுற்றிவிட்டு, தட்டிலிருந்த ரோஜாவைப் பார்த்ததும் கொண்டைக்கு இது அமைப்பாக இருக்கும் என்று கை நீட்டினாள். சுப்புத்தாய் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அது வேணாம்மா. வெட்டுனது நானா இருந்தாலும் வளத்த கை வேற."

சோணையம்மாள் அப்போது வாசலில் நின்றாள். மகளை அலங்காரத்தோடு ஒருதடவை பார்த்துவிட்டுப் போக வந்தவள். அறையில் இருந்த எல்லோரும் கயலைப் பார்த்தார்கள். கயல் கண்ணாடியைப் பார்த்தாள். ஊசி போடுகிற பிள்ளை, மாத்திரை பெயரெல்லாம் இங்கிலீஷில் சொல்கிற பிள்ளை. இப்போது வாய் திறப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். திறந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாளு வேணாம்மா. கோவிச்சுக்கிறாத."

சோணையம்மாள் சரி என்று தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் போனாள். மேளம் கொட்டித் தாலி ஏறும்போது அவள் இலை துடைத்துக்கொண்டிருந்தாள். ரோஜா வைத்த தட்டு சுப்புத்தாயுடையது. புறப்படும்போது அதைக் கவிழ்த்துவிட்டு எடுத்துப் போயிருக்கிறாள். எச்சில் இலை அள்ளிய கூடையில் ரோஜா கிடந்ததை நானும் பார்த்தேன், சோணையம்மாளும் பார்த்தாள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டு வந்தாள்.

செடியை இனிமேல் பிடுங்கிப் போட்டுவிடுவாள் என்று தெரு காத்திருந்தது. அவள் பிடுங்கவில்லை. வழக்கம்போல் தண்ணீர் ஊற்றினாள், புழுக்கை போட்டாள். தலைதீபாவளிக்கு மகளும் மருமகனும் வந்தபோது அதில் இரண்டு பூ விரிந்திருந்தது. கயல் பட்டுச்சேலையோடு இறங்கி வந்து செடிக்கு முன்னால் குனிந்தாள். கல்யாணம்தான் முடிந்துவிட்டதே, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பாள். "அம்மா, இதுல ஒண்ணு நான் வச்சுக்கிறேன்" என்று பூவின் காம்பைப் பிடித்தாள்.

சோணையம்மாள் பலகாரச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அதுல கை வைக்காத. வளத்த கை இன்னமும் என் கைதேன். ஒங்க சுப்புத்தாயி அத்தைகிட்டப் போயிக் கேளு. அவுக வைக்கலாம்னு சொன்னா வந்து வச்சுக்க."

கயல் காம்பை விட்டுவிட்டாள். மருமகன் என்னவென்று புரியாமல் இரண்டுபேரையும் மாறி மாறிப் பார்த்தான். சோணையம்மாள் அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கறியும் சோறும் ஒரு குறை இல்லாமல் பரிமாறினாள். சாயங்காலம் அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.