றவூப் அறுத்த கதிரை

கண்டக்குழியில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் பேக்கரிப் பாண் விற்கும் றவூப், வீட்டில் எது பழுதானாலும் தானே திருத்துகிற ஆள். அவன் திருத்திய மின்விசிறி காற்றை மேலே வீசியது. கூரைக்கு நல்லது என்றான்.

மகள் பஹ்மாவுக்கு எட்டு வயது. பிறந்தபோதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கால்கள் இறுகி ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். நடக்கமாட்டாள், வாய் மட்டும் ஓயாது.

அந்த வருடம் பெருநாள் முடிந்த கையோடு பஹ்மா கதிரையில் ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கினாள். கதிரைதான் கோணல் என்று றவூப் முடிவுகட்டி, அதன் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் இரண்டு விரற்கடை அறுத்தான். அவள் இன்னும் சரிந்தாள். மற்றப் பக்கத்தை அறுத்தான். அது கூடிப்போனதென்று மறுபடி இந்தப் பக்கம். ஒரு கிழமையில் கதிரை மணைக்கட்டை உயரத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைக்குச் சோறூட்ட இனிக் குப்புறப் படுக்கவேண்டும் என்று அவன் மனைவி றம்லா முறைப்பட்டாள்.

"வாப்பா, இன்னும் அறுத்தா நான் நிலத்துக்குக் கீழ போயிருவன்" என்றாள் பஹ்மா.

மாதமொருமுறை பஹ்மாவின் கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வரும் நுஸ்ரா மிஸ் கதிரையைக் குனிந்து பார்த்தார். பிறகு பஹ்மாவைப் பாயில் கிடத்தி முழங்கால்களை மடித்தார். ஒன்று மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. தொடைகளை மெல்ல விரித்தார். வலது கால் மறுத்தது, பிள்ளை முகம் சுளித்தாள்.

"கதிரைல ஒரு பிழையும் இல்ல, றவூப் நானா. புள்ளட இடுப்புலதான் பிழை. உடன எக்ஸ்ரே படம் எடுக்கணும்."

படத்தில் தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியைவிட்டுப் பாதிக்குமேல் வெளியே வந்திருந்தது. இறுகிய தசைகள் வருடக்கணக்காக இழுத்ததன் வினை; இப்படியான பிள்ளைகளுக்கு வலி தெரியுமுன்னரே படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்றார் கொழும்பு டொக்டர். தொடை எலும்பை வெட்டித் திருப்பிக் குழிக்குள் இருத்துவதாகவும் சொன்னார். வெட்டுவது என்ற சொல் காதில் விழுந்ததும் றவூப் இருந்த வாங்கிலேயே மயங்கிச் சரிந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள்.

சத்திரசிகிச்சை முடிந்து, இடுப்பிலிருந்து இரண்டு காலும் அகல விரிந்த மாவுக்கட்டோடு பஹ்மா வாடகை வான் ஒன்றில் ஊர் வந்தாள். ஒழுங்கை மணலில் வான் புதைந்தது. றவூப் ஓடிப்போய்ப் பாண் ஓட்டோவைக் கொண்டுவந்தான். பின்பெட்டியின் தட்டுகளைக் கழற்றி, மெத்தை விரித்து, அவளைக் கிடத்தினான். றம்லா பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். சாவியைத் திருப்பியதும் பாட்டும் கிளம்பியது. இரண்டையும் ஒரே வயரில் கொடுத்தவன் அவன்தானே. ஒழுங்கைச் சனம் பையும் கையுமாக வந்துவிட்டது. அயல்வீட்டு ஹவ்வா உம்மா பெட்டிக்குள் தலையை நீட்டிப் பாண் எங்கே என்று கேட்டார்.

"பாண் முடிஞ்சி, மாமி. இண்டைக்கு நான் மட்டுந்தான்" என்றாள் பஹ்மா.

ஆறு கிழமையில் கட்டுக் கழன்றது. நடக்கமாட்டாள், அதை டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். ஆனால் எலும்பு குழிக்குள் இருந்தது. குளிப்பாட்டும்போது முன்போல வலியில் அழுவதில்லை, ஒரு மணி நேரம் நிமிர்ந்து இருந்து ஊர்க்கதை முழுவதும் கதைத்தாள். மற்ற இடுப்பையும் கவனிக்க ஆறு மாதத்துக்கொருமுறை படம் எடுக்கச் சொன்னார்கள். மறந்துவிடக்கூடாதென்று அந்தத் திகதியைக் குசினிச் சுவரில் பெரிதாகப் பெயின்றால் எழுதினான் றவூப். வருடம் பிழை. றம்லா கரிக்கட்டியால் திருத்திவிட்டாள்.