நாலு கிளிக்

இரும்புத் தோட்டா சுட்டால் ஒரு வாடை வரும்... மேல்பூச்சு கருகி, அடிபிடித்த பால் மாதிரி மூக்கிலேயே நிற்கும். பித்தளைத் தோட்டாவில் அது வராது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் ரைஃபிள் கிளப். ஒரு மண்மேடு, தகரக் கொட்டகை, எல்லாருக்கும் சேர்த்து ஒரே ரைஃபிள். பித்தளை கட்டுப்படியாகாது என்று கோச் மலிவான ஸ்டீல் கேஸ் தோட்டாதான் வாங்கிப் போடுவார். அடிக்கடி சிக்கிக்கொள்ளும். குச்சி விட்டுத் தள்ளுவோம்.

நானும் பெருமாளும் அதில்தான் பழகினோம். நான் தியாகதுருகம். அவன் வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருவான். என்னைவிட நன்றாகச் சுடுவான். எனக்கு வயிறு எரியும்.

கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. சுடுபவன் குறிபார்க்கும் சைட்டின் திருகை எத்தனை கிளிக் திருப்பினாலும், பழைய இடத்தில் வைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். அடுத்தவன் அதை நம்பித்தான் சுடப் படுப்பான்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலை வந்தது. ஒரே இடம். செலக்‌ஷன் எங்கள் கிளப்பிலேயே... ஆனால் பித்தளைத் தோட்டாவில். எடுத்த எடுப்பில் பத்து ரவுண்டு, சோதனைக்கு ஒன்றும் கிடையாது.

முதல் நாள் சாயங்காலம் கோச் என்னிடம் அஞ்சு பித்தளை கொடுத்தார். சாமை அறுப்பு என்று பெருமாள் அன்றைக்கு வரவில்லை. சுட்டுப் பார்த்தேன்; அஞ்சும் குறித்தாளின் நடுவை விட்டு மேலே ஏறி நின்றன.

“தோட்டா மாறுனா அடியும் மாறும்டா. நாலு கிளிக் எறக்கி வை. பெருமாளு வந்தான்னா அவன்கிட்டயும் சொல்லிடு.”

“சரிங்க சார்” என்றேன்.

மறுநாள் முதலில் நான். நாலு கிளிக் இறக்கினேன். சுட்டேன். நாலையும் ஏற்றி, பழையபடி வைத்துவிட்டு எழுந்தேன்... பழக்கப்படிதான்.

பெருமாள் படுத்துக்கொண்டே கேட்டான். “இன்னாடா, சைட்டு அதே எடந்தானே?”

“அதே எடந்தான்டா.”

அவன் சுட்ட பத்தையும் கட்டைவிரலால் மூடிவிடலாம். அத்தனை நெருக்கம். ஆனால் எல்லாம் மேல் ஓரத்தில்.

“உன்கிட்ட சொல்லி அனுப்பியும் மறந்துட்டான் பாரு” என்று கோச் என் காதோரம் முணுமுணுத்தார். நான் வாயே திறக்கவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது.

போன மாதம் வெள்ளிமலை போயிருந்தேன். பெருமாள் இப்போது ஜீப் ஓட்டுகிறான். கட்டிப்பிடித்துக்கொண்டான். டீ வாங்கிக் கொடுத்தான்.

“அன்னிக்கு என் கை நடுங்கிச்சிடா. அதான் போச்சி. இன்னிக்கும் நெனச்சிக்கினு கெடப்பேன்...” என்று சிரித்தான்.

அன்றைக்கு வேலைக்காக வாயை மூடினேன். இன்றைக்கு ரிட்டையர் ஆகப் போகிறவன், எனக்கு இழக்க ஒன்றுமில்லை. ஆனாலும் “ஆமாடா, காத்தும் ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அப்போதாவது பயந்தேன். இப்போது பழகிவிட்டது.

நடுங்காத கையை இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறான்.

பெருமாள் பேஸ்புக்கில் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன்.